சுவத்துல மோதுனவன், மோதச் சொன்னவன்

செல்லூர் கபடி ரவுண்டானா பக்கம் சாயங்காலம் டீ குடிக்க ஒதுங்கியிருக்கீங்களா? இல்லைன்னா ஒரு தடவை வாங்க. தறிச் சத்தம், ஆட்டோ ஹாரன், வைகைக் கரைக் கொசு, இதுக்கு நடுவுல எங்கேயாவது ஒரு தெருவுல கபடி நடந்துக்கிட்டே இருக்கும். நான் சின்ன வயசுல இருந்து பார்த்த ஒரு தந்திரம் இருக்கு. எதிர் டீம் தொடர்ந்து பாயிண்ட் எடுக்குது, நம்ம ஆளுங்களுக்கு மூச்சு வாங்குது. அப்போ நம்ம டீம்ல ஒருத்தன் காலைப் பிடிச்சுக்கிட்டு கீழே விழுவான். அம்பயர் விசில் அடிப்பார். தண்ணி பாட்டில் உள்ளே வரும். ரெண்டு நிமிஷம் கழிச்சு அடிபட்டவன் எந்திரிச்சு மான் மாதிரி ஓடுவான். எதிர் டீமோட வேகம் அதுக்குள்ள ஆறிப்போயிருக்கும்.

விழுந்தவனை எல்லாரும் திட்டுவாங்க. கோட்டுக்கு வெளியே நின்னு கண்ணைக் காட்டின கோச்சை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

இதே தந்திரத்தை மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல ஓடுற கார்ல, கான்கிரீட் சுவர் பக்கத்துல பண்ணினா என்ன ஆகும்? 2008-ல சிங்கப்பூர்ல பண்ணினாங்க. உலகத்துலயே பெரிய கார் பந்தயமான ஃபார்முலா ஒன்ல. அதுக்கு யாருக்கு என்ன தண்டனை கிடைச்சது, அது நியாயமான்னு பார்க்கிறதுதான் இந்தக் கட்டுரை. கார் பந்தயமே பார்க்காதவங்களும் தாராளமா படிக்கலாம். 2024 ஆகஸ்ட் கடைசியில சென்னை தீவுத்திடலைச் சுத்தி மூன்றரை கிலோமீட்டர் ரோட்டுல ராத்திரி நேர ஃபார்முலா 4 பந்தயம் நடந்ததே, அதை ரீல்ஸ்ல பார்த்திருந்தாலே போதும். ஊருக்கு நடுவுல ரோடு, ரெண்டு பக்கமும் தடுப்புச் சுவர், மேல வெள்ளை விளக்கு. சிங்கப்பூரும் அப்படித்தான், அளவு மட்டும் பெரிசு.

அன்னிக்கு என்ன நடந்தது

2008 செப்டம்பர் 28. ஃபார்முலா ஒன் வரலாற்றுலயே முதல் ராத்திரிப் பந்தயம். மொத்தம் 61 சுற்று. ரெனோ டீம்ல ரெண்டு டிரைவர். ஒருத்தர் ரெண்டு தடவை உலக சாம்பியன் ஆன ஸ்பெயின்காரர் ஃபெர்னாண்டோ அலோன்சோ. இன்னொருத்தர் நெல்சன் பிக்கே ஜூனியர், மூணு தடவை சாம்பியன் ஆன பிரேசில்காரர் நெல்சன் பிக்கேயோட மகன். தகுதிச் சுற்றுல அலோன்சோ கார்ல கோளாறு, அதனால 15-வது இடத்துல இருந்து கிளம்பணும். பிக்கே 16-வது. முந்துறதுக்கே இடம் இல்லாத ஊர்ச் சாலையில 15-வது இடம்னா ஜெயிக்கிறதை மறந்துடலாம்.

இப்போ இதைக் கவனமா படிங்க, இங்கேதான் கணக்கு இருக்கு. அப்போ பந்தயத்துக்கு நடுவுல பெட்ரோல் நிரப்ப அனுமதி உண்டு. பிட்டுக்குள்ள போய் நிரப்பிட்டு வெளியே வர சிங்கப்பூர்ல ஏறக்குறைய அரை நிமிஷம் இழப்பு. எல்லாரும் எப்படியும் அந்த அரை நிமிஷத்தைக் கொடுத்தே ஆகணும். ஆனா விபத்து நடந்து சேஃப்டி கார் வந்துட்டா எல்லாரும் அதுக்குப் பின்னாடி மெதுவா வரிசையா வரணும், இடைவெளி எல்லாம் அழிஞ்சுபோகும். அந்த வருஷ விதிப்படி சேஃப்டி கார் வந்த உடனே பிட் வாசலையும் மூடிடுவாங்க. வரிசை கட்டின அப்புறம்தான் திறப்பாங்க. அப்போ ஒருத்தர் மட்டும் விபத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே பெட்ரோல் போட்டு முடிச்சிருந்தா? அவர் கடைசியில இருந்தாலும் இடைவெளி தானா மூடிடும். மத்தவங்க எல்லாரும் உள்ளே போவாங்க, இவர் நிக்காம அவங்களைத் தாண்டிப் போயிடுவார்.

அலோன்சோ 12-வது சுற்றுலயே பெட்ரோல் போட வந்துட்டார். பார்த்தவங்களுக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம்னு புரியல. 14-வது சுற்றுல பிக்கே 17-வது வளைவுல சுவத்துல மோதினார். அந்த வளைவுக்குப் பக்கத்துல காரைத் தூக்குற கிரேன் இல்லை. கிரேன் இல்லைன்னா சேஃப்டி கார் வந்தே தீரணும். ராஸ்பெர்க், குபிட்சா ரெண்டு பேரும் பெட்ரோல் தீர்ந்துபோற நிலையில மூடின பிட்டுக்குள்ள நுழைஞ்சு தண்டனை வாங்கினாங்க. முதல் இடத்துல ஓடிக்கிட்டிருந்த ஃபெராரியோட ஃபெலிப்பே மாஸா பிட் திறந்ததும் உள்ளே வந்தார். அவசரத்துல பெட்ரோல் குழாயைக் கழட்டுறதுக்கு முன்னாடியே பச்சை விளக்கு எரிஞ்சு, குழாயையும் இழுத்துக்கிட்டே கிளம்பிட்டார். கடைசியில 13-வது இடம், ஒரு புள்ளி கூட இல்லை. அலோன்சோ ஜெயிச்சார். மெக்லாரன் டீமோட லூயிஸ் ஹாமில்டன் மூணாவது வந்து 6 புள்ளி எடுத்தார்.

அந்த வருஷம் முடிஞ்சப்போ ஹாமில்டன் 98, மாஸா 97. ஒரே ஒரு புள்ளியில உலகக் கோப்பை கைமாறுச்சு. இந்த ரெண்டு எண்ணையும் ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

வெளியே வந்த விதம்

மறுவருஷம் ஜூலையில பிக்கேயை டீம்ல இருந்து தூக்கிட்டாங்க. தூக்கின சில நாள்லயே அவர் பந்தயத்தை நிர்வகிக்கிற எஃப்.ஐ.ஏ. அமைப்புக்கு எழுதிக் கொடுத்துட்டார்: டீம் தலைவர் ஃபிளாவியோ பிரியாட்டோரேவும் தலைமை இன்ஜினியர் பாட் சைமண்ட்ஸும் சொல்லித்தான் மோதினேன், எந்த வளைவுன்னு கூட சொன்னாங்க, அப்போ என் ஒப்பந்தம் அடுத்த வருஷத்துக்கு நீட்டிக்கப்படுமான்னு தெரியாத நிலைமை. சைமண்ட்ஸ் தரப்பு, யோசனையை முதல்ல சொன்னது பிக்கேதான்னு சொல்லுச்சு. பிரியாட்டோரே எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னார்.

நம்ம மாதிரி ஆளுங்களுக்குப் பிடிச்ச பகுதி இதுதான்: கார்ல இருந்த டெலிமெட்ரி. பின் சக்கரம் வழுக்கினா எந்த டிரைவரும் ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுப்பார், அது கத்துக்கிட்ட பழக்கம். பிக்கேயோட பதிவுல சக்கரம் வழுக்கின அப்புறமும் கால் அழுத்திக்கிட்டே இருக்கு. இது போக, ரெனோவுக்குள்ளேயே ஒருத்தர், தனக்கு முன்கூட்டியே தெரியும், எதிர்ப்பு சொன்னேன்னு சாட்சி சொன்னார். அவர் பேர் வெளியே வரல, ஆவணத்துல 'சாட்சி எக்ஸ்' மட்டும்தான். பிரியாட்டோரேக்கு இந்தத் திட்டம் தெரியும்னு முடிவெடுக்க அந்தச் சாட்சி பெரிய காரணம்.

2009 செப்டம்பர் 21-ல பாரிஸ்ல தீர்ப்பு. பிரியாட்டோரேக்குக் காலவரையில்லாத தடை. சைமண்ட்ஸுக்கு 5 வருஷம். ரெனோ டீமுக்கு நிரந்தர வெளியேற்றம், ஆனா நிறுத்தி வைக்கப்பட்டது: 2011 முடியுற வரைக்கும் இது மாதிரி தப்பு திரும்பப் பண்ணலைன்னா ஒண்ணும் கிடையாது. அபராதம்னு ஒரு பைசா கிடையாது. விசாரணைச் செலவைக் கொடுத்து, பாதுகாப்பு வேலைகளுக்கும் பங்கு கொடுக்கிறதா ரெனோ ஏத்துக்கிச்சு. பிக்கேக்கு உண்மையைச் சொன்னதுக்காக முழு விலக்கு. அலோன்சோவுக்கு எதுவும் தெரிஞ்சதா ஆதாரம் இல்லை, வெற்றி அவர் பேர்லயே இருக்கு, இன்னிக்கு வரைக்கும்.

சரி, நியாயமா? உடனே ஆமா இல்லைன்னு சொல்லாதீங்க. தண்டனையை ஒரு பாலம் மாதிரி பாருங்க. பாலம் நல்லாருக்கான்னு மொத்தமா கேட்க மாட்டோம், எந்தத் தூண் எவ்வளவு சுமை தாங்குதுன்னு பார்ப்போம்.

யார் கூலியில பிடிக்கிறது

எங்க தாத்தா தறி ஓட்டினவர். துணியில பழுது வந்தா கூலியில பிடிப்பாங்க. பாவு நூலே சரியில்லாம அடிக்கடி அறுந்திருந்தாலும் பிடிக்கிறது நெசவாளி கூலியிலதான். நூல் கொடுத்தவர் கையில கணக்கு நோட்டு இருக்கு, நெஞ்சவர் கையில துணி இருக்கு. பழுது துணியிலதானே தெரியுது?

அந்த வகையில பார்த்தா எஃப்.ஐ.ஏ. செஞ்சதை நான் பாராட்டுவேன். சுவத்துல மோதுனவனை மட்டும் பிடிச்சுட்டு, சொன்னவங்களை விடல. பெரிய சுமை மேல இருந்தவங்க தலையிலதான் விழுந்துச்சு. பிக்கேக்கு விலக்கு கொடுத்தது தப்புன்னு நிறைய பேர் சொல்வாங்க. அவர் தூக்கப்பட்ட அப்புறம்தானே வாயைத் திறந்தார், வேலையில வச்சிருந்தா சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்க மாட்டார்தான். ஆனா சொல்றவனோட மனசு சுத்தமா இருந்தாதான் உண்மையை வாங்குவோம்னு சட்டம் போட்டா, ஒரு டீமுக்குள்ள நடக்கிற எதுவும் வெளியே வராது. அதோட, தீர்ப்புல விடுபட்ட பிக்கே அப்புறம் ஒரு ஃபார்முலா ஒன் பந்தயம் கூட ஓட்டல. 24 வயசுல கதவு மூடிருச்சு. எந்த ஆவணத்துலயும் எழுதாத தண்டனை அது. (பிறகு ஃபார்முலா ஈ-ங்கிற மின்சாரக் கார் போட்டியில முதல் சாம்பியன் ஆனார், 2014-15-ல. அது வேற கதை.)

டீமைத் தண்டிக்கிறதுதான் சிக்கலான இடம். ரெனோ டீம்ல நூத்துக்கணக்கான பேர். காத்தோட்டக் குழாய்ல ராத்திரி பகலா மாடல் வச்சுப் பார்த்தவங்க, டயர் மாத்துறவங்க, சமையல்காரர். திட்டம் தெரிஞ்சது மூணு நாலு பேருக்கு. மொத்த டீமையும் வெளியேத்தினா இவங்க எல்லாருக்கும் வேலை போகும். வெளியேத்தலைன்னா, தலைவரைக் காவு கொடுத்துட்டு கம்பெனி தப்பிச்சுக்கும். நிறுத்தி வைக்கிற தண்டனை இதுக்கு நடுவுல ஒரு வழி.

இந்த வலி நமக்குப் புதுசு இல்லை. 2015 ஜூலை 14 ஞாபகம் இருக்கா? நீங்க அப்போ ஸ்கூல். 2013 ஐ.பி.எல். சூதாட்ட விவகாரத்துல நீதிபதி லோதா கமிட்டி தீர்ப்பு சொன்ன நாள். சென்னை சூப்பர் கிங்ஸ் நிர்வாகத்துல இருந்த குருநாத் மெய்யப்பனுக்கு வாழ்நாள் தடை. அது சரி. கூடவே சென்னை, ராஜஸ்தான் ரெண்டு டீமுக்கும் 2 வருஷம் இடைநிறுத்தம். பந்தயம் கட்டாத ஆட்டக்காரங்க வேற டீமுக்குப் போனாங்க. தோனி புனே ஜெர்சியில ஆடினதை எங்க தெருவுல ஒருத்தரும் முழுசா பார்க்கல. நிர்வாகத்துல ஒருத்தர் பண்ணினதுக்கு நான் ஏன் ரெண்டு ஏப்ரல் மாசம் சும்மா உட்காரணும்னு அன்னிக்குக் கோபம். இப்போ யோசிச்சா ஓரளவு புரியுது. டீமுக்கு ஒண்ணும் ஆகாதுன்னா முதலாளிக்கு வீட்டைக் கூட்டிச் சுத்தமா வச்சுக்கணும்ங்கிற பயமே இருக்காது. ஆனா அந்தப் பயத்தோட விலையை யார் கொடுத்தாங்கன்னா, தப்பே பண்ணாதவங்க. 2018-ல திரும்பி வந்து கோப்பை ஜெயிச்சதும் எல்லாரும் மறந்துட்டாங்க, நானும்தான்.

10 கோடியும் பூஜ்யமும்

ஒரே தப்புக்கு ஒரே தண்டனைன்னு எல்லாரும் சொல்வோம். சிங்கப்பூருக்கு ஒரு வருஷம் முன்னாடி போவோம், 2007.

ஃபெராரி காரோட தொழில்நுட்ப ஆவணம் 780 பக்கம், ஃபெராரியில வேலை பார்த்த நைஜல் ஸ்டெப்னி மூலமா மெக்லாரன் தலைமை வடிவமைப்பாளர் மைக் கோக்லன் கைக்கு வந்துடுச்சு. மாட்டினது எப்படின்னு கேட்டா சிரிப்பீங்க. கோக்லனோட மனைவி அந்தக் கட்டை இங்கிலாந்துல ஒரு ஜெராக்ஸ் கடையில கொண்டுபோய் நகல் எடுக்கக் கொடுத்தாங்க. கடைக்காரர் ஃபெராரி ரசிகர். நேரா இத்தாலிக்குத் தகவல் போயிடுச்சு. செமஸ்டருக்கு முன்னாடி ஜெராக்ஸ் கடையில நோட்ஸ் கொடுக்கிற நாம எல்லாம் கத்துக்க வேண்டிய பாடம்!

ஜூலையில நடந்த முதல் விசாரணையில தண்டனை இல்லை. பிறகு டிரைவர்களுக்கு நடுவுல போன மின்னஞ்சல்கள் வெளியே வந்துச்சு. 2007 செப்டம்பர் 13-ல மெக்லாரனுக்கு 10 கோடி டாலர் அபராதம், அந்த வருஷ டீம் புள்ளி மொத்தமும் பறிப்பு. அபராதத் தொகையில, பறிபோன புள்ளிக்கு வந்திருக்க வேண்டிய பரிசுப் பணத்தைக் கழிச்சுக்கலாம்னாங்க. ஒத்துழைச்ச டிரைவர்களோட புள்ளியைத் தொடல.

அதே வருஷம் டிசம்பர்ல இன்னொரு கேஸ். மெக்லாரனோட ரகசியத் தகவல் ரெனோ டீம்ல கிடைச்சது. விதியை மீறினது உண்மைதான்னு எஃப்.ஐ.ஏ. சொல்லுச்சு. தண்டனை? பூஜ்யம். தகவலோட அளவு வேற, அதை வச்சு கார்ல லாபம் எடுத்ததா நிரூபணம் இல்லைங்கிறது வாதம். ஏத்துக்கலாம். ஆனா 10 கோடிக்கும் பூஜ்யத்துக்கும் நடுவுல ஒரு எண் கூடவா கிடைக்கல?

சிங்கப்பூரை இதுக்குப் பக்கத்துல வைங்க. காகிதம் திருடினதுக்கு 10 கோடி. வேணும்னே காரை மோத வச்சதுக்கு அபராதம் இல்லை. மோதின கார்ல இருந்து ஒரு டயர் பறந்து, சுவத்துக்குப் பின்னாடி கொடி பிடிச்சு நின்ன தன்னார்வலர் மேல விழுந்திருந்தா? எஃப்.ஐ.ஏ.வே இந்த மீறலோட தீவிரத்துக்கு ஈடு இல்லைன்னு ஒத்துக்கிச்சு. அப்புறம் ஏன்? என் கணிப்பு, நேரம். ஹோண்டா 2008 டிசம்பர்ல விலகிடுச்சு. பி.எம்.டபிள்யூ. 2009 ஜூலையில விலகுறதா அறிவிச்சுடுச்சு. இன்னொரு கார் கம்பெனியையும் விரட்டினா கிரிட்ல யார் நிப்பாங்க? தராசுத் தட்டுல இதையும் யாரோ வச்சிருப்பாங்கன்னு நான் நினைக்கிறேன். நிரூபிக்க என்கிட்ட டெலிமெட்ரி இல்லை.

அளவு சரியா விழுந்த தண்டனையும் உண்டு. நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் கார்ல ஓட்டின 2005 சீசன். குறைஞ்சபட்ச எடை 600 கிலோ. இமோலா பந்தயம் முடிஞ்சு பி.ஏ.ஆர். ஹோண்டா காரைத் தூக்கி வச்சா எடை சரியா இருந்துச்சு. அதிகாரிகள் பெட்ரோலை முழுசா உறிஞ்சச் சொன்னாங்க. உள்ளே மறைவா ஒரு தனி அறை, அதுல பெட்ரோல். அதையும் எடுத்துட்டு எடை போட்டா 594.6 கிலோ. பெட்ரோலையே எடைக்கல்லா வச்சிருக்காங்க! அந்தப் பந்தய முடிவு ரத்து, அடுத்த ரெண்டு பந்தயத்துக்குத் தடை. தப்புக்கும் தண்டனைக்கும் நடுவுல ஒரு விகிதம் தெரியுது.

மெக்கானிக்கல்காரங்களுக்குன்னே ஒண்ணு. 1995 ராலி உலகப் போட்டி. டர்போவுக்குள்ள போற காத்தைக் கட்டுப்படுத்த 34 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு ரெஸ்ட்ரிக்டர் வளையம் கட்டாயம். டொயோட்டா டீம் அதுல ஸ்பிரிங் வாஷர் வச்சு ஒரு வேலை பண்ணியிருந்துச்சு. ஹோஸைப் போட்டு கிளாம்பை இறுக்கினா வளையம் சில மில்லிமீட்டர் நகர்ந்து, சுத்தி வேற வழி திறக்கும், காத்து கூடுதலா உள்ளே போகும். பரிசோதனைக்கு ஹோஸைக் கழட்டினா வளையம் தானா பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துக்கும். அப்போ எஃப்.ஐ.ஏ. தலைவரா இருந்த மேக்ஸ் மோஸ்லியே, மோட்டார் பந்தயத்துல தான் பார்த்ததுலயே இதுதான் அதிபுத்திசாலியான வேலைன்னு அசந்துபோனார். அசந்துபோய் 12 மாசம் தடையும் கொடுத்தார். டிரைவர்களோட அந்த வருஷப் புள்ளியும் போச்சு, அவங்களுக்குத் தெரியும்னு யாரும் நிரூபிக்கலைன்னாலும். கடுமைதான். ஆனா கார் கொடுத்த கூடுதல் வேகத்துல வந்த புள்ளியை டிரைவர் பையில விட்டு வைக்கவும் முடியாதே. அப்படின்னா அலோன்சோ பையில 10 புள்ளியை எப்படி விட்டாங்க? இங்கேதான் எனக்குத் தொண்டையில முள் மாட்டுது. லாபம் வேற, தண்டனை வேற. தெரியாதவனைத் தண்டிக்கக் கூடாது. ஆனா திருட்டுப் பொருள்னு தெரியாம வாங்கினவன் கையில இருந்தும் பொருளைத் திரும்ப வாங்குவோம்தானே?

கோர்ட்டு சொன்னது

பிரியாட்டோரே சும்மா இருக்கல. பாரிஸ் சிவில் கோர்ட்டுக்குப் போனார். 2010 ஜனவரி 5-ல கோர்ட்டு ரெண்டு பேரோட தடையையும் ரத்து பண்ணிடுச்சு. அவருக்கு 15,000 யூரோ, சைமண்ட்ஸுக்கு 5,000 யூரோ நஷ்ட ஈடு வேற. நிரபராதின்னு சொல்லல, இதைச் சரியா புரிஞ்சுக்கோங்க. எஃப்.ஐ.ஏ. லைசென்ஸ் வாங்காத ஒருத்தரை இப்படித் தடை பண்ண அவங்க விதிப் புத்தகத்துலயே அதிகாரம் இல்லைன்னுச்சு. பிரியாட்டோரேயோட தகராறுல இருந்தவர்னு ஊருக்கே தெரிஞ்ச மோஸ்லி, அந்த சபைக்குத் தலைமை தாங்கினதையும் குறை சொன்னுச்சு.

அளவுகோலே கோணலா இருந்தா அளந்த பொருள் சரியா இருந்தாலும் அந்த ரீடிங்கை எடுக்க முடியாது. லேப்ல முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கிறதுதான். ஏப்ரல் 2010-ல ரெண்டு தரப்பும் சமாதானமா போய், 2012 முடியுற வரைக்கும் ஃபார்முலா ஒன்ல வேலை பார்க்கிறதில்லைன்னு முடிஞ்சது. காலவரையில்லாததும், 5 வருஷமும், ஒரே மூணு வருஷமா சுருங்கிடுச்சு. தப்பை ஒத்துக்கிட்டு ஆயுசுக்கும் வெட்கப்படுறேன்னு எழுதிக் கொடுத்தவருக்கும், மறுத்தவருக்கும் ஒரே கணக்கு.

சைமண்ட்ஸ் பிறகு வில்லியம்ஸ் டீம்ல தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஆனார். அதுக்கப்புறம் ஃபார்முலா ஒன் நிறுவனத்துக்கே போய், 2022-ல வந்த புதுக் கார் விதிகளை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரா இருந்தார். இது எனக்குப் பிடிச்சிருக்கு. தண்டனை முடிஞ்சா முடிஞ்சதுதான், திறமையைக் குப்பையில போட வேண்டாம். பிரியாட்டோரே 2024-ல ஆல்பைன் டீமுக்கு ஆலோசகரா வந்தார். ஆல்பைன் யாரோடது? ரெனோவோடது. இது எனக்குப் பிடிக்கல. ரெண்டும் ஒரே விதிப்படி நடந்ததுதான், ஒண்ணு இனிக்குது ஒண்ணு கசக்குதுன்னா என் மனசுலயும் ஒரு கோணல் இருக்குன்னு அர்த்தம், ஒத்துக்கிறேன்.

98, 97

மாஸாவை மறந்துட்டோமே. எல்லாருமே மறந்தாங்க. தண்டனை பத்தி இவ்வளவு பேசினோம், நஷ்டப்பட்டவருக்கு என்ன கிடைச்சது?

கணக்கு போடுங்க. சிங்கப்பூர் பந்தயமே செல்லாதுன்னு அடிச்சா ஹாமில்டன் 98-ல 6 போய் 92. மாஸாவுக்கு அங்கே பூஜ்யம்தான், அதனால 97 அப்படியே. மாஸா சாம்பியன். ஆனா எதிர்க்கேள்வியும் இருக்கு. பெட்ரோல் குழாயோட கிளம்பினது ஃபெராரியோட சொந்தத் தப்பு. ஹாமில்டன் எந்தச் சதியிலயும் இல்லை. மிச்சம் இருந்த பந்தயங்கள்ல அவர் புள்ளிக் கணக்கைப் பார்த்துத்தான் ஓட்டினார், கணக்கு வேறயா இருந்தா வேற மாதிரி ஓட்டியிருப்பார். ஒரு மாறியை மாத்திட்டு மத்ததெல்லாம் அப்படியே இருக்கும்னு எடுத்துக்க முடியாது.

வருஷம் முடிஞ்சு பரிசு கொடுத்த அப்புறம் முடிவு மாறாதுங்கிறது பழைய வழக்கம். 2009-ல எல்லாரும் அதைச் சொல்லித்தான் விட்டாங்க. ஆனா 2023 மார்ச்ல, முன்னாள் ஃபார்முலா ஒன் முதலாளி பெர்னி எக்கிள்ஸ்டன் ஒரு பேட்டியில, 2008 சீசன் முடியுறதுக்கு முன்னாடியே தனக்கும் மோஸ்லிக்கும் விஷயம் தெரியும்ங்கிற மாதிரி பேசிட்டார். அப்போ நேரம் தவறிப்போச்சுன்னு சொன்னவங்கதான் நேரத்தைத் தவற விட்டவங்களா? மாஸா 2024-ல லண்டன் உயர் நீதிமன்றத்துல வழக்கு போட்டார். 2025 நவம்பர்ல கோர்ட்டு, நீங்கதான் சாம்பியன்னு அறிவிக்க முடியாதுன்னு சொல்லிட்டு, சதி பத்தின கோரிக்கை விசாரணைக்குப் போகலாம்னு அனுமதிச்சிருக்கு. பதினேழு வருஷம். மோஸ்லி 2021-லயே இறந்துட்டார்.

இதெல்லாம் நான் ஏன் இவ்வளவு தோண்டிக்கிட்டிருக்கேன்னு கேட்பீங்க. சொல்றேன்.

போன வருஷம் எங்க கிளப் ஒரு மாணவர் கார்ட் பந்தயத்துக்குப் போச்சு. எந்தப் போட்டின்னு வேண்டாம். தொழில்நுட்பப் பரிசோதனை முடிஞ்சதும் கார்புரேட்டர்ல நடுவர்கள் ஒரு பெயின்ட் கோடு போட்டு விடுவாங்க, திறந்தா கோடு உடையும். கடைசி நாள் பந்தயத்துக்கு முந்தின ராத்திரி எங்க சீனியர் ஒருத்தர் அதைத் திறந்து ஜெட்டை மாத்தினார். உடைஞ்ச கோட்டுக்கு மேல அதே நிறத்துல நெயில் பாலிஷ். "தம்பி, லைட்டை நல்லா காட்டு"ன்னார். செல்போன் டார்ச்சைப் பிடிச்சது நான்.

கூட இருந்தவன் ஒரு ரெண்டாம் வருஷப் பையன். அன்னிக்குச் சாயங்காலம்தான் அவனை டிரைவர் லிஸ்ட்ல இருந்து எடுத்திருந்தாங்க. "அண்ணே, இது வேணாம்ணே"ன்னு ஒரு தடவை சொன்னான். யாரும் கேட்கல. காலையில நடுவர்கிட்ட போய்ச் சொல்லிட்டான். மொத்த டீமும் வெளியே. இருபத்தி மூணு பேர், அதுல விஷயம் தெரிஞ்சது நாலு பேருக்கு. காலேஜ்ல கிளப்புக்கு இந்த வருஷ நிதியை நிறுத்திட்டாங்க, அதனால கார்டையே பார்க்காத முதல் வருஷப் பசங்களுக்கும் வேலை இல்லை. சீனியர் அதுக்குள்ள பிளேஸ்மென்ட் வாங்கிட்டுப் போயிட்டார். அவர்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேட்கல. நானும் கேட்கல.

அந்தப் பையனை வாட்ஸ்அப் குரூப்ல இருந்து எடுத்துட்டோம். எடுத்துட்டோம்னு பன்மையில சொல்றது வசதியா இருக்கு. அட்மின் நான்தான்.

வீட்டு மாடியில உட்கார்ந்து சிங்கப்பூர் கேஸைப் படிச்சப்போ எனக்கு முதல்ல உறைச்சது பிக்கே இல்லை, சாட்சி எக்ஸ். அவர் பேரை மறைச்சு வச்சதும் அந்தத் தீர்ப்புல ஒரு நல்ல வேலைன்னு தோணுச்சு. பேர் தெரிஞ்சிருந்தா அவரை எத்தனை குரூப்ல இருந்து எடுத்திருப்பாங்க?

போன வாரம் அவனைத் திரும்பச் சேர்த்தேன். கிளப் மறுபடி ஆரம்பிச்சா புது விதித் தாளை எழுத வான்னு தனியா ஒரு மெசேஜும் போட்டேன். நீல டிக் விழுந்திருக்கு. பதில் இன்னும் வரல.